துளசி ஏன் கறுத்தது?

பிணத்தின் சட்டைப் பையில் கைப்பேசி அடித்துக்கொண்டிருந்தது!

வைஷாலி கதவருகிலேயே உறைந்து நின்றாள். கையிலிருந்த சாவி ‘சளக்’கென்று தரையில் விழுந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணி. புக்கிட் பாத்தோக்கில் ஒரு தொழிற்கூடக் கட்டடத்தின் ஐந்தாம் மாடி. மூலிகைகளையும் காய்கறிகளையும் பறித்த பிறகு எத்தனை நாள் கெடாமல் வைக்கலாம் என்று ஆராயும் தனியார் ஆய்வுக்கூடம். அதில் அவள் பொறுப்பில் இருந்த உலர்த்தும் அறை. நாற்பது டிகிரிச் சூடு. தட்டுத் தட்டாக நிலவேம்பு.

தட்டுகளுக்குக் கீழே... சுந்தரேசன்!

தரப் பரிசோதனை அதிகாரி. ஐம்பத்தைந்து வயது. வாய் பாதி திறந்திருந்தது. பக்கத்தில் கவிழ்ந்த டீக் கோப்பை. அதற்குப் பக்கத்தில், அவள் அலமாரியில் இருக்க வேண்டிய அரளி விதைப் பொடி டப்பா.

மூடி திறந்து!

கைப்பேசி நின்றது. மறுபடி அடித்தது.

அரை மணி நேரம் கழித்து மூன்றாவது முறை அடித்தபோது, கையுறை மாட்டிய விரல்களால் அதை எடுத்தவள் இன்ஸ்பெக்டர் நஸீஹா. ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஏங்க, எங்கதான் இருக்கீங்க?” ஈசூன் வீட்டிலிருந்து சுந்தரேசனின் மனைவி சரஸ்வதி. “ராத்திரி லேப்லயே தங்குறேன்னு ஒரு மெசேஜ் போட்டா போதுமா? பெருமாள் கோயிலுக்குக் கிளம்பணும் லா! துளசி உங்ககிட்டதானே இருக்கு?”

“நான் போலீஸ் பேசுறேன்மா. துளசி எப்ப வாங்குனாரு?”

“போலீஸா...? நேத்து சாயந்தரம், தேக்கா மார்க்கெட்டுல. பச்சைப்பசேல்னு இருக்குன்னு போட்டோகூட அனுப்புனாரே... ஏம்மா? அவருக்கு என்ன?”

“நீங்க வீட்டுலயே இருங்க. எங்க ஆளுங்க வந்துட்டிருக்காங்க.”

“அவருக்கு என்னன்னு கேக்கறேன்ல!”

“தனியா இருக்காதீங்கம்மா,” என்றாள் நஸீஹா. அதுவே பதிலாகிவிட்டது. மறுமுனையில் ஒரு கதறல்... இருபது வருட சர்வீஸில் அந்தச் சத்தம் மட்டும் அவளுக்குப் பழகவே இல்லை.

பிணத்தின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பிரித்துப் பார்த்தாள். ஒரு கட்டு துளசி.

கன்னங்கரேலென்று!

நஸீஹா அதை ஒரு கணம் முகர்ந்தாள். வைத்துவிட்டு வைஷாலியிடம் திரும்பினாள்.

“இந்த ரூம் சாவி?”

“என்கிட்ட ஒண்ணு மேடம். ஆபீஸ் ஆணியில ஒண்ணு தொங்கும். யார் வேணா எடுக்கலாம்.”

“அரளி டப்பா?”

“என்னோடது. அந்தக் கோப்பையும்... என்னோடதுதான்.”

“நேத்து இவரோட சண்டையாமே?”

“...ஆமா.”

“எதுக்கு?”

“நிலவேம்புப் பொடி ரெண்டு வருஷம் கெடாதுன்னு நானும் டைரக்டர் சாரும் ஒரு ஆராய்ச்சி பேப்பர் எழுதியிருக்கோம் மேடம். முதல் பேரு என்னோடது. இவரு கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாரு. ஒம்போது மாசத்துலயே பூஞ்சை வந்திருக்கு, சத்து பாதிதான் நிக்குதுன்னாரு. அந்த பேப்பர் வரலைன்னா என் வேலை பாஸை ரினியூ பண்ண மாட்டாங்க. ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தக் கோவத்துல...”

“‘செத்துத் தொலைங்க’ன்னு சொன்னீங்க. பேன்ட்ரியில நாலு பேரு கேட்டிருக்காங்க.”

“வாய் தவறி வந்திருச்சு மேடம்...”

“தவறுனது உங்க வாய். செத்தது அவரு.”

சார்ஜண்ட் ரித்திக் கைவிலங்கை எடுத்தான். அவன் சட்டையில் மாட்டியிருந்த கேமராவின் சிவப்பு விளக்கு மினுங்கியது.

இந்த ஊரில் கொலைக்கு என்ன தண்டனை என்று வைஷாலிக்குத் தெரியும். அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

அப்போது உள்ளே வந்தார் டாக்டர் ராமலிங்கம்!

ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். இருபத்திரண்டு வருட அனுபவம். மூன்று புத்தகங்கள். அடுத்தவர் கட்டுரையில் பிழை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவதில் மூன்று கண்டங்களில் பேர் வாங்கியவர். ஓட்டல் மெனுவில் பிழை இருந்தால்கூட பேனாவை எடுத்துவிடுவார்.

“இவ என் பொண்ணு மாதிரி மேடம்,” தழுதழுத்தார். “ஆனா கோவம் வந்தா கண்ணு மண்ணு தெரியாது. என்ன செய்யறது...”

“சார், நான் பண்ணலைன்னு சொல்லுங்க சார்!”

ராமலிங்கம் சுவரைப் பார்த்தார்.

“கேஸ் முடிஞ்ச மாதிரிதான் டாக்டர்,” என்றாள் நஸீஹா. “ரிப்போர்ட்டுல டெக்னிக்கலா ரெண்டு வரி எழுதணும். ஹெல்ப் பண்றீங்களா?”

“தாராளமா.”

அவள் துளசிக் கட்டைத் தூக்கிக் காட்டினாள். “ராத்திரி முழுக்க இவரு இந்த ரூம்லயே கிடந்திருக்காரு. நாற்பது டிகிரிச் சூட்டுல துளசி வெந்து கறுத்திருச்சு. அப்படியே எழுதிடவா?”

ராமலிங்கத்தின் புருவம் சுருங்கியது.

“எழுதாதீங்க. படிக்கிறவன் சிரிப்பான்.”

“ஏன்?”

“சூட்டுல துளசி காயும் மேடம். சுருங்கும், நொறுங்கும். இப்படிக் கறுக்காது. அதுக்குத்தானே இந்த ரூமே! இதைப் பாருங்க... ஈரமா, கொழகொழன்னு, திட்டுத் திட்டா. இது குளிர் பட்ட காயம். பன்னெண்டு டிகிரிக்குக் கீழ போனா துளசி தாங்காது.”

“ஓஹோ... ராத்திரி ஏர்கான்ல இருந்திருக்குமோ?”

“ஏர்கானா!” ராமலிங்கம் சிரித்தேவிட்டார். “ஏர்கான் இதுக்கு ஒரு குளிரா? இந்த அளவுக்குக் கறுக்கணும்னா நாலு டிகிரி வேணும். குறைஞ்சது ஒரு ராத்திரி. இதைப் பத்தி ஒரு சாப்டரே எழுதியிருக்கேன் நான்!”

“சூப்பர். இந்தக் கட்டடத்துல நாலு டிகிரி எங்க இருக்கு டாக்டர்?”

ராமலிங்கம் வாயைத் திறந்தார்.

மூடினார்.

“குளிர் அறையில...” பதில் வைஷாலியிடமிருந்து வந்தது. “பழம் கெடாம இருக்க உள்ள நைட்ரஜன் நிரப்பி வெச்சிருப்பாங்க மேடம். ஆக்சிஜன் இருக்காது. போனா ரெண்டு மூச்சுதான். கதவுப் பூட்டோட ரகசிய நம்பர்... சாருக்கு மட்டும்தான் தெரியும்!”

“நேத்து சாயந்தரம் கூப்பிட்டு உள்ள தள்ளியிருக்கீங்க,” நஸீஹா நிதானமாக அடுக்கினாள். “அவரு போன்லேர்ந்தே வீட்டுக்கு மெசேஜ். காலையில ட்ராலியில வெச்சு இங்க கொண்டுவந்து, கோப்பை, டப்பான்னு அலங்காரம். பையையும் மறக்காம கொண்டுவந்தீங்க. பிரிச்சுத்தான் பாக்கலை.”

“ஒரு கட்டு துளசியை வெச்சு என்னைப் பிடிப்பீங்களா?”

“துளசியை வெச்சு இல்ல டாக்டர். உங்களை வெச்சு! எங்க வீட்டு ஃப்ரிட்ஜுலயும் துளசி ஜாதி பேசில் இலை கறுக்கத்தான் செய்யுது. நான் போய்ச் சொன்னா கோர்ட்டு கேக்குமா? இருபத்திரண்டு வருஷ எக்ஸ்பர்ட்டு சொல்லி, கேமராவுல ஏறியிருக்கு.”

ராமலிங்கம் ரித்திக்கின் சட்டையைப் பார்த்தார். சிவப்பு விளக்கு அவரைப் பார்த்தது.

“ரெண்டு வருஷம்னு உலகத்துக்கே சொல்லிட்டேன் நான்!” வெடித்தார். “இவன் ஒரு பூஞ்சையைத் தூக்கிட்டு வந்து என்னைத் திருத்தறான்... என்னை!”

“காய்ச்சல் வந்த குழந்தைங்க குடிக்கிற பொடி சார் அது,” என்றாள் வைஷாலி.

சொன்ன பிறகுதான் உறைத்தது. நேற்று சுந்தரேசன் அவளிடம் கெஞ்சிச் சொன்னதும் இதைத்தான். அதற்குத்தான் அவரைச் செத்துத் தொலையச் சொன்னாள்.

‘க்ளிக்!’

கைவிலங்கு ராமலிங்கத்தின் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

செவ்வாய்க்கிழமை. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் காவல் நிலையம் வந்திருந்தாள் வைஷாலி.

“உங்க மேல இனி ஒரு தூசுகூட இல்ல,” நஸீஹா கை கொடுத்தாள். “நிம்மதியா வேலையைப் பாருங்க.”

வைஷாலி தன் கைப்பேசியை அவளிடம் நீட்டினாள். காலையில் வந்த மின்னஞ்சல். ஆய்வுக்கூடம் மூடப்படுகிறது. கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது. தங்கள் பாஸ் ரத்து செய்யப்படுகிறது. முப்பது நாட்களுக்குள் நாட்டைவிட்டு...

நஸீஹா இரண்டு முறை படித்தாள். “என்ன இது... தப்பே செய்யாத உங்களுக்கா?”

“தப்பு செஞ்சவரை இங்கயே வெச்சுக்கறீங்க. செய்யாதவளை அனுப்பறீங்க.”

“இப்ப என்ன பண்ணப் போறீங்க?”

வைஷாலி கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்த நஸீஹாவுக்கு ஏமாற்றம்.

“கீரைக்கு மூணு நாள், வெண்டைக்காய்க்குப் பத்து நாள்தான் மேடம் நாங்க குடுப்போம். எனக்கு முப்பது நாள் போட்டிருக்காங்க... நல்ல ரகம் போலிருக்கு!”