நாலாவது ஸ்க்ரூ

குழாய்க்குள் ஏதோ உருண்டு போயிற்று.

டிக்... டிக்... டிக்...

பன்னிரண்டு வருடமாக நீச்சல் குளம் கழுவுகிறவனுக்கு ஓசையே போதும். இலை போனால் உஸ்ஸென்று இழுபடும். மணல் போனால் கரகரக்கும். செத்த தவளை போனால் குழாய் ஒரு கணம் விக்கும். இது உலோகம். ஆழப் பக்கத்துத் தரையில், அவன் கம்பின் நுனியில் இருந்த உறிஞ்சுத் தலைக்குள் நுழைந்து, தண்ணீரில் பாம்பாய் மிதந்த நீலக் குழாய் முழுவதையும் நிதானமாகக் கடந்து, பம்ப் அறைக் கூடைக்குள் கணீரென்று விழுந்தது.

மோட்டாரை நிறுத்தி, வடிகட்டிக் கூடையின் கண்ணாடி மூடியைத் திறந்தான். குளோரினும் அழுகிய இலையும் கலந்த நெடி. கொழகொழவென்ற பாசிக்கு நடுவே ஒரு பித்தளைத் திருகாணி. தலையில் குறுக்கே ஒரு கீறல், அவசரத்தில் திருப்புளி வழுக்கிப் போட்டது.

அவன் போட்டது.

"அப்பா!" வெளியே இருந்து வாலு கூப்பிட்டாள். ஆறு வயது, பிரம்பு நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்தாள். "எல்லாத்தையும் தண்ணியாலதானே கழுவுவாங்க? நீ எதுக்குத் தண்ணியையே கழுவுறே?"

"உன் வாயைக் கழுவத்தான். நாற்காலியை விட்டு இறங்கினே, தோலை உரிச்சுடுவேன்."

"இப்படித்தான் தினமும் சொல்றே. ஒரு நாளும் உரிக்கலை."

சிரிக்க முயன்றான். வாய் கோணியதோடு சரி.

இந்த வீட்டில் ஒரு வருடமாக ஆள் இல்லை. தரகர்தான் அவனை வரவழைத்திருந்தார். "நாளைக்குக் காலையில வாங்குறவங்க எஞ்சினியரோட வர்றாங்க. உள்ளே இறங்கி அடி வரைக்கும் பார்ப்பாராம். குளம் கண்ணாடி மாதிரி இருக்கணும், புரியுதா?"

புரிந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று அவனுக்கு மட்டும்தான் புரியும்.

ஒன்பதடி ஆழத்தில் ஒரு உறிஞ்சுவாய் இருக்கிறது. குளத்துத் தண்ணீரைப் பம்புக்கு இழுக்கிற துவாரம், அதன் மேல் ஓட்டை ஓட்டையாய் ஒரு மூடி, மூடியைப் பிடிக்க நாலு திருகாணி. போன வருடம் ரிப்பேர் முடித்தபோது பழைய திருகாணிகள் துருப்பிடித்துக் கையோடு உடைந்து வந்தன. மோட்டார் ஓடுகிற வரை மூடியை இழுவையே பிடித்துக்கொள்ளும், நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்று மூடியைச் சும்மா வைத்துவிட்டுப் போனான். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான்.

மறுநாள் புதுத் திருகாணிகளோடு வந்தபோது வீடே அலறிக்கொண்டிருந்தது. மூடி நகர்ந்திருந்தது. ஒன்பது வயதுப் பெண். நீளமான ஜடை, துவாரம் அதைத்தான் இழுத்துப் பிடித்திருக்கும் என்று அவனுக்கு உடனே புரிந்தது.

எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய அந்தக் கால் மணி நேரத்தில் அவன் உள்ளே குதித்து நாலையும் முடுக்கிவிட்டான். விசாரிக்க வந்தவர்கள் மூடியை ஆட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளை வலிப்பு வந்து மூழ்கிச் செத்திருக்கும் என்று எழுதிக்கொண்டு போனார்கள். பெண்ணின் அம்மா மட்டும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "மூடி சரியா இருந்துச்சாண்ணா?"

"இருந்துச்சும்மா. நாலு ஸ்க்ரூவும் இருந்துச்சு."

வேறு என்ன சொல்வான்? வாலுவின் அம்மா போய்ச் சேர்ந்து அப்போது ஆறு மாதம். அவனும் உள்ளே போய்விட்டால் குழந்தைக்கு யார்?

மோட்டாரை மறுபடி போட்டான். கம்பை நகர்த்தினான். பாசி மேகமாய்க் கிளம்பி அமுங்கியது. வெளிச்சம் மஞ்சளாகி, சுவரோரம் சாம்பலாகிக்கொண்டு வந்தது.

டிக்... டிக்... டிக்...

இரண்டாவது.

ஓடிப்போய் மோட்டாரை அணைத்தான். போதாமல், ஃபியூஸையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பம்ப் அறை நிசப்தமாயிற்று. எங்கோ சொட்டுகிற தண்ணீர். அவன் மூச்சு.

டிக்.

இழுவையே இல்லாத குழாயில் மெதுவாக, வழி விசாரித்துக்கொண்டு வருவதுபோல் வந்தது. டிக். கூடைக்குள் விழுந்தது.

மூன்று.

வாலுவைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம். ஓடினால் நாளைக்கு எஞ்சினியர் காலி ஓட்டைகளைப் பார்ப்பார். போன வருடத்தைத் தோண்டுவார்கள். குழந்தையைப் பிரித்துவிடுவார்கள். ஐந்து நிமிட வேலை. ஐந்தே நிமிடம்.

சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினான். "பாப்பா, அப்பா முங்கிட்டு வந்துடறேன். அசையக் கூடாது. அப்பா மேல சத்தியம்."

"சத்தியம்" என்றாள், முதல் தடவையாக எதிர்க் கேள்வி இல்லாமல்.

தண்ணீர் ஐஸாய் வெட்டியது. கண்ணைத் திறந்தால் பச்சை இருட்டு. தடவினான். மூடி அகப்பட்டது. மூலைகளில் விரலை வைத்தான். காலி. காலி. காலி. நாலாவதும் காலி.

மூன்றை மாட்டினான். ஒவ்வொன்றுக்கும் ஒரு முங்கல். மூன்றாவதை முடுக்கும்போது மூடிக்குக் கீழேயிருந்து யாரோ சேர்ந்து முடுக்கியதுபோல் அது தானாகச் சுழன்றது. உதறிக்கொண்டு மேலே வந்தான்.

நாற்காலி காலி.

"பாப்பா!"

"இங்கேதாம்ப்பா."

கரையில் குப்புறப் படுத்திருந்தாள். ஒரு கையை மூடி வைத்திருந்தாள். விரித்தாள். பித்தளை. குறுக்கே கீறல்.

"அந்த அக்கா குடுத்தா. உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னா."

"எந்த... எழுந்திரு. பாப்பா, எழுந்திரு!"

"முடியலைப்பா."

அப்போதுதான் பார்த்தான். காலையில் அவன் பின்னிவிட்ட ஜடை. தோளிலிருந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. தொங்கவில்லை. நூல் பிடித்ததுபோல் விறைத்திருந்தது.

"மூடி சரியா இருந்துச்சாண்ணா?" என்றாள் வாலு. "இதைத்தான் கேக்கச் சொன்னா."

"இல்லை!" நீந்தினான். தண்ணீர் குழம்பாய்க் கனத்தது. "இல்லைம்மா! ஸ்க்ரூவே இல்லை! நான்தான் போடலை! பொய் சொன்னேன்! குழந்தையை விட்டுடு!"

ஜடை தளர்ந்தது.

வாலு தலையைத் தூக்கினாள். சிரித்தாள்கூட. இன்னும் நாலு கை வீச்சு. மூன்று.

நாற்காலி முதுகில் அவன் சட்டை ஆடியது. பையிலிருந்து வெள்ளையாய் எட்டிப் பார்த்தது ஃபியூஸ்.

பம்ப் அறையில் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

ஜடை மறுபடி விறைத்தது.