நத்தைக்குப் பின்னால்

வார்டுக்குப் போகும் நடைபாதையில் பாதி விளக்குகள் எரியவில்லை. பழைய கட்டடம். பகலிலும் சுவர்கள் ஈரமாகவே இருந்தன. அம்மாவுக்கு மாற்றுத்துணியும் என் மடிக்கணினியும் எடுத்துக்கொண்டு பார்வை நேரத்தில் போய்ச் சேர்ந்தேன்.

அக்கா கடைசிக் கட்டிலில் இருந்தாள். மூளையில் வீக்கம் என்றார்கள். பிறகு, வடிந்துவிட்டது என்றார்கள். காய்ச்சலும் விட்டிருந்தது. கண் மட்டும் திறக்கவில்லை.

"இந்நேரம் முழிச்சிருக்கணும்," என்றார் டாக்டர். "ஏன் முழிக்கலைன்னு எங்களுக்கே புரியலம்மா. நாள் போகப் போக வாய்ப்பு குறைஞ்சுகிட்டே போகும். அதையும் சொல்லித்தான் ஆகணும்."

அவர் போனதும் அம்மா என்னைப் பார்த்தாள்.

"உன் மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்குடி. அந்தப் பொட்டியத் தொறந்து கொஞ்ச நேரம் விளையாடு. அந்தச் சத்தம் கேட்டாலாவது இவ எந்திரிக்கறாளா பார்ப்போம்."

அந்தச் சத்தம் என்று அம்மா சொன்னது எங்கள் விளையாட்டை. இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் உலவும் ஒரு மாய உலகம். மற்றவர்கள் அங்கே வாள் வீசினார்கள், புதையலுக்கு அடித்துக்கொண்டார்கள். நானும் அக்காவும் நடந்தோம். அவ்வளவுதான். மழை பெய்தால் பெரிய இலைகளுக்குக் கீழே நின்று கேட்போம். இரண்டு நிலவுகள் ஏரியில் விழுவதைப் பார்க்க ஒரு மலையை முழுதாக ஏறுவோம். நிஜத்தில் நான் கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே தயங்குகிறவள். அங்கே யாரும் பெயர் வைக்காத பள்ளத்தாக்குகளில் இறங்கியிருக்கிறேன்.

அக்கா ஒரு பல் பட்டறையில் செயற்கைப் பற்கள் செய்கிறாள். "பகல் பூரா அடுத்தவன் பல்லப் பாத்தாச்சு. இனிமே ஒரு மலையக் காட்டுடி," என்றபடிதான் சாயங்காலம் வந்து உட்காருவாள். ஒவ்வொரு பூவிடமும் நின்றுவிடுவதால் விளையாட்டில் அவள் பெயர் நத்தை. எப்போதும் அவள் பின்னாலேயே போவதால் என் பெயர் வால்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒரு வாசலோ குகையோ மலையுச்சியோ வந்தால், முன்னால் போகிறவள் விலகி நிற்பாள். பின்னால் வருகிறவள்தான் முதலில் பார்க்க வேண்டும். அக்கா குனிந்து, கையை நீட்டி, மகாராணிக்கு வழிவிடுவதுபோல விடுவாள். எத்தனையோ இடங்களை அவள் எனக்கு அப்படிக் கொடுத்திருக்கிறாள்.

கடைசியாகச் சேர்ந்து விளையாடிய நாளன்று அவளுக்குத் தலைவலி. "கண்ண மூடிக்கறேன். இன்னிக்கு நீ முன்னாடி போ," என்று தன் உருவத்தை என் உருவத்தோடு பிணைத்துவிட்டாள். அப்படிப் பிணைத்தால் இருவருக்கும் நடுவே மெல்லிய ஒளிக்கயிறு ஒன்று தெரியும். முன்னால் இருப்பவர் போகும் இடமெல்லாம் பின்னால் இருப்பவர் தானாக வருவார். நான் ஒரு மலைப்பிளவுக்குள் நுழைந்தேன். அந்தப் பக்கம் வரைபடத்தில் எதுவும் இல்லை. வெறும் பனிமூட்டம். நான் ஆசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலியிலிருந்து அக்கா சரிந்து விழுந்தாள்.

அம்மா எல்லா மின்இணைப்பையும் பிடுங்கிப் போட்டாள். அதன் பிறகு அக்காவின் கணினியை யாரும் தொடவில்லை.

வார்டில் உட்கார்ந்து நான் விளையாட்டுக்குள் நுழைந்ததும் அதே பனிமூட்டம் திரையில் விரிந்தது.

பின்னால் நத்தை நின்றுகொண்டிருந்தாள்.

ஒளிக்கயிறு அறுபடவில்லை.

ஏதோ பழுது என்று நினைத்து இரண்டு அடி நடந்தேன். அவளும் வந்தாள். பிளவைத் தாண்டி மழைக்காட்டுக்குள் இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் வார்டில் மக்கிய இலைகளின் வாசனை வந்தது.

"யாரும்மா ஈரத்துணியப் பொட்டலம் கட்டி வச்சிருக்கறது?" நர்ஸ் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினார். அங்கே எதுவும் இல்லை.

அக்காவின் நெற்றி முடி நனைந்து ஒட்டியிருந்தது.

நான் அறிவியல் படித்தவள். தண்ணீரைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. எதையும் இன்னொரு முறை செய்து பார்க்காமல் நம்ப மாட்டேன். பனிப்பாறைப் பக்கம் திரும்பினேன். போர்வைக்குள் அவள் விரல்கள் சில்லிட்டன. வெந்நீர் ஊற்றுகளின் ஓரமாக நடந்தேன். விரல்கள் சூடேறின.

அவள் அங்கே இருந்தாள்.

அந்த உலகத்திலிருந்து முறையாக வெளியேற ஒரே வழி சத்திரம். அதன் வாசலைத் தாண்டினால் விளையாட்டு உங்களை விட்டுவிடும். அக்காவை அதுவரை கூட்டிப்போய்விட்டால் போதும் என்று தோன்றியது. முதல் தடவையாகக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சத்திரத்துக்குப் போகும் வழியில் ஒரு பாலத்தில் ஏறும்போதுதான் திரும்பிப் பார்த்தேன்.

நத்தைக்குப் பின்னாலும் ஒரு கயிறு போனது.

அது ஒளிரவில்லை. அதன் முனையில் சாம்பல் நிறத்தில் ஒருவர் நின்றார். விளையாட்டில் புதிதாகச் சேருகிறவர்கள் முகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் தெரியும் வெற்று உருவம் அது. கண் இல்லை, வாய் இல்லை. முகம் தேர்ந்தெடுக்காமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். தலைக்கு மேலே பெயரும் இல்லை.

நான் ஓடினேன். அக்காவின் நாடித்துடிப்பைக் காட்டும் கருவி கத்த ஆரம்பித்தது.

"என்ன பண்ற நீ? அவங்களத் தொட்டியா?" நர்ஸ் பதறி வந்தார்.

"இல்ல சிஸ்டர்."

நின்றேன். துடிப்பு இறங்கியது. அந்த உருவமும் நின்றது. முன்பைவிட நெருக்கமாக.

விளையாட்டின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். பதில் உடனே வந்தது: பாலத்தில் இப்போது நீங்கள் ஒருவர் மட்டுமே இருக்கிறீர்கள்.

ஓடவும் முடியாது. விட்டுவிட்டு வரவும் முடியாது. யாரிடம் சொல்வது? அம்மா டீ குடித்துவிட்டு வந்து கால்மாட்டில் உட்கார்ந்து அக்காவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மெதுவாக நடந்தேன். என் பின்னால் அவள். அவள் பின்னால் அது. புல்வெளியில் பூக்கள் திறந்திருந்தன. நத்தை எதற்கும் நிற்கவில்லை.

சத்திரம் வந்தது. குறுகலான வாசல். உள்ளே மஞ்சள் வெளிச்சம்.

நான் கயிற்றை அவிழ்த்துவிட்டு விலகி நின்றேன். யோசித்துச் செய்ததில்லை. அவள் உள்ளே போவதை என் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

நத்தை தானாக ஓர் அடி வைத்தாள்.

கட்டிலில் அக்காவின் சுண்டுவிரல் அசைந்தது. "சாமி!" என்றாள் அம்மா.

இன்னோர் அடி. வாசல்படிக்கு வந்துவிட்டாள். வெளிச்சம் அவள் முகத்தில் பட்டது. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

பிறகு நின்றாள்.

பின்னால் யாரோ இருப்பதை உணர்ந்தவள்போல இலேசாகத் தலையைச் சாய்த்தாள். அவள் பின்னால் எப்போதும் வருவது யார்? நான்தானே. இத்தனை வருஷமாக நான் மட்டும்தானே.

"அக்கா, அது நான் இல்ல." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அக்கா, நீ போ. நான் இந்தப் பக்கம் நிக்கறேன். போயேன்க்கா!"

அவள் விலகினாள். குனிந்தாள். கையை நீட்டினாள்.

அது உள்ளே போனது.

கதவு சாத்திக்கொண்டது.

அக்கா கண்ணைத் திறந்தாள். வார்டே திரண்டு வந்தது. அம்மா அழுதுகொண்டே அவள் கன்னத்தை மாறிமாறித் தடவினாள். டாக்டர் சிரித்தார். என்னைக் கட்டிப்பிடித்த நர்ஸ், "சந்தோஷத்துல பேச்சே வரல பாரு பொண்ணுக்கு," என்றார்.

திரையில் நத்தை மூடிய கதவுக்கு முன்னால் குனிந்தபடியே இருந்தாள்.

இப்போது வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது. அவள் சாப்பிடுகிறாள், வேலைக்குப் போகிறாள், அம்மா கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். கண்ணாடி முன்னால் மட்டும் ரொம்ப நேரம் நிற்கிறாள். புருவத்தை, உதட்டை, மூக்கை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்க்கிறாள். "செத்துப் பொழச்சவ, அழகு பாத்துக்கட்டுமே. உனக்கென்னடி வயித்தெரிச்சல்?" என்கிறாள் அம்மா. அம்மாவிடம் இரண்டு தடவை சொல்லப் போனேன். அவள் எவ்வளவோ நாளைக்குப் பிறகு பாட்டு முணுமுணுத்தபடி துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

வேலை முடிந்து வந்ததும் நான் விளையாட்டுக்குள் போகிறேன். சத்திரத்துக் கதவு எனக்குத் திறக்கிறது. நத்தைக்குத் திறப்பதில்லை. கயிற்றைக் கட்டிப் பார்த்தேன், நிற்கவில்லை. அவள் நிமிர்வதும் இல்லை. பக்கத்தில் நின்று மழையைக் கேட்கிறேன். வேறு என்ன செய்ய முடியும் என்று தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அப்படி நின்றபோது, கண்ணாடியை விட்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் அவள் நின்றாள். காலடிச் சத்தமே கேட்கவில்லை. ஈர இலை வாசனைதான் முதலில் வந்தது. வெகுநேரம் திரையையே பார்த்தாள்.

"பாவம்ல?" என்றாள் மெதுவாக.

பிறகு என் தோளுக்கு மேலாகக் கையை உயர்த்தி, திரையைப் பார்த்து ஆட்டினாள்.

அன்றிலிருந்து அசையாமல் இருந்த நத்தை நிமிர்ந்தாள். ஓர் அடி பின்வாங்கினாள். பிறகு வேகமாக வந்து என் உருவத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.