பேரு ஏறிச்சா சார்?

கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பி செருகும் பிளவிலிருந்து பாமாயில் வாடை வந்தது. செல்வநாதன் முதலில் ஜன்னலைத்தான் சந்தேகப்பட்டான். எர்ணாவூரில் ஜன்னலைத் திறந்தால் அமோனியாவும் நிலக்கரித் தூளும் கன்டெய்னர் லாரிப் புகையும் முறை வைத்து வந்துபோகும். ஆனால் ஜன்னல் சாத்தியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை மதியம், கேட் காவலாளியைத் தவிர ஃபேக்டரியில் ஒருவரும் இல்லை, இந்த வாடையோ வெந்த எண்ணெயின் வாடை.

டேங்க் கழுவும் எத்திராஜ் செத்தது பற்றி மறுநாள் விசாரணை. 'எத்திராஜ் பெயரைப் பதியாமல் டேங்குக்குள் இறங்கினார்' என்று அறிக்கை அடித்துக் கொடுத்தால் கம்பெனி தப்பிக்கும். செல்வநாதனும் தப்பிப்பான்.

முன்பெல்லாம் எண்ணெய் டேங்கைக் கழுவ இறங்குகிறவர் தன் பித்தளை வில்லையை வெளிச்சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். வில்லை தொங்கினால் ஆள் உள்ளே. ஜெனரல் மேனேஜருக்கு அது அநாகரிகமாகப் பட்டது. ஆணிகளைப் பிடுங்கி, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ரிப்பன் வெட்டி, புதிய நூற்றாண்டைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். கம்ப்யூட்டர் பேசவில்லை. அந்த அளவுக்கு அது மேல்.

புரோகிராம் செல்வநாதன் எழுதியது. 'இதை எழுது' என்றால் சிஸ்டம் உடனே 'ஆச்சு' என்றுவிடும், தபால் பிரிவில் மனுவை வாங்கி முத்திரை குத்துகிற மாதிரி. நினைவில் வைத்துக்கொண்டு, பிறகுதான் டிஸ்கில் இறக்கும். இறக்க முடியாவிட்டால் அதையும் சொல்லும். ஆனால் ஃபைலை மூடும்போது 'என்ன ஆச்சு' என்று கேட்டவனுக்கு மட்டும். கேட்பதற்கு இரண்டு வரி எழுத வேண்டும். ரிப்பனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். அவன் எழுதவில்லை.

"பேரு ஏறிச்சா சார்?" அன்றைக்கு எத்திராஜ் வாசலில் நின்று கேட்டார். "ஆணி இருந்தா நானே பாத்துக்குவேன். இப்ப உன் வாயத்தான் பாக்க வேண்டிக்கீது."

திரையில் 'பதிவானது' என்றிருந்தது. "ஏறிடுச்சு, போப்பா."

மணி பத்து நாற்பது. டிஸ்க் பழுதாகியிருந்தது அப்போது அவனுக்குத் தெரியாது. பதினொன்றுக்குக் கரண்ட் போய் வந்ததில், நினைவில் மட்டுமே இருந்த அந்தப் பெயர் அழிந்தது.

அப்புறம் அந்தச் சத்தம். டங். டங். டங். ஸ்பானரால் மூன்று தட்டு. டேங்க் ஆட்களிடையே அதற்கு ஒரே பொருள்: உள்ளே இருக்கிறேன்.

"சார், தட்ற மாதிரி கீது," என்று ஜன்னலுக்கு வெளியே, டேங்குக்குள் கொதிநீராவி விடும் வால்வில் கைவைத்தபடி சூப்பர்வைசர் லியோனார்ட் கத்தினார். "உள்ள ஆளு கீதா?"

செல்வநாதனுக்கும் கேட்டிருந்தது. காதை விட்டுவிட்டுத் திரையை நம்பினான். "லிஸ்ட் காலி. வெளிய வந்துட்டாரு போல. தொறங்க."

பிணவறை வாசலில் எத்திராஜின் மனைவி செங்கொடி அவன் சட்டையைப் பிடித்தாள். "பேரு குடுக்காம எங்க வூட்டுக்காரு ஒருநாளும் எறங்க மாட்டாரு. நீயே சொல்லு சார், குடுத்தாரா இல்லியா?" அவன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அறிக்கையை அடித்து முடித்தான். புரோகிராமில் அந்த இரண்டு வரிகளை இப்போது சேர்த்தாயிற்று, டிஸ்க்கும் புதிது. சேமித்தான்.

'எழுத முடியவில்லை.'

மறுபடி சேமித்தான்.

'எழுத முடியவில்லை.'

மூன்றாவது தடவை அறிக்கையே மறைந்து, பட்டியல் வந்தது. எத்திராஜ். உள்ளே: 10.40. வெளியே என்ற கட்டம் காலி.

ஒயரைப் பிடுங்கினான். திரை அணையவில்லை.

டங்.

முற்றத்துக்கு அப்பால் போலீஸ் சீல் வைத்த டேங்க். அங்கிருந்து இல்லை.

டங்.

மேஜைக்கு அடியில். கம்ப்யூட்டரின் வெள்ளைப் பெட்டிக்குள்.

மூன்றாவது வரவில்லை. காத்திருந்தான். வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. பெட்டியும் காத்திருந்தது.

"குடுத்தீங்க எத்திராஜு," என்றான். "பேரு குடுத்தீங்க. ஏறல. நீங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சு."

டங்.

ஃப்ளாப்பி பிளவின் மூடி உள்ளிருந்து மெல்ல உயர்ந்தது. எண்ணெய் வழிந்தது. வெந்து தோல் உரிந்த நான்கு விரல் நுனிகள் விளிம்பைப் பற்றின. ஐந்தாவதற்கு இடம் தேடின.