மூன்று கிலோ எடைக்கு

கணினியில் சோதனையை நிறுத்தி ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியும், மேசையிலிருந்த வால்வு டிக், டிக் என்று திறந்து மூடிக்கொண்டிருந்தது.

யோகலட்சுமி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். செக்காலை ரோட்டில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பச்சிளம் குழந்தைகளுக்கான செயற்கை சுவாசக் கருவி செய்கிறார்கள். கருவியின் மூளையான போர்டை நிஜக் குழந்தையிடம் சோதிக்க முடியாது என்பதால், ஒரு குழந்தையின் நுரையீரலைக் கணக்குகளாகக் கணினிக்குள் எழுதி வைத்திருந்தார்கள். அது மூச்சிழுத்தால் ஒயர் வழியே போர்டுக்குத் தெரியும். போர்டு வால்வைத் திறந்து ஒரு குழாய் வழியே காற்று விடும். கணினிக் குழந்தையின் எடை மூன்று கிலோ. அந்தக் குழந்தைக்கு விதவிதமாக மூச்சுத் திணறல் உண்டாக்கி, எத்தனை நொடியில் அலாரம் அடிக்கிறது என்று குறிப்பதுதான் நாலு மாதமாக அவள் வேலை. முதல் வாரம் அலாரம் அடித்ததுமே திணறலை நிறுத்திவிடுவாள். பிறகு பழகிவிட்டது.

மத்தியானம் இரண்டரை. மற்ற எல்லோரும் அரியக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கீழேயிருந்து புதுத்துணியின் கஞ்சி வாடையும், சாலையில் ஆட்டோக்களின் இரைச்சலும் மாடிப்படியேறி வந்துகொண்டிருக்க, அவள் கணினிக்கும் போர்டுக்கும் நடுவிலிருந்த ஒயரைப் பிடுங்கினாள்.

டிக். டிக்.

போர்டின் சின்னத் திரையில் கோடு ஏறி இறங்கியது. கணினியின் மூச்சு எல்லாம் ஒரே அளவாக இருக்கும். இது அப்படி இல்லை. ஒன்று நீளம், ஒன்று குட்டை, நடுவில் ஒரு விக்கல்.

புரோகிராம் எழுதிய மாயக்கண்ணனைப் போனில் கூப்பிட்டாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"மாயா, நிறுத்திட்டேன். ஒயரையும் புடுங்கிட்டேன். இன்னும் மூச்சு காட்டுது."

"எங்குட்டிருந்துக்கா காட்டும்? குழாயை எதுலயாச்சும் மாட்டியிருக்கீகளா?"

"இல்ல. சும்மா தொங்குது."

"ஃபேன் காத்தா இருக்கும். குழாய் வாயைக் கையால அடைச்சுப் பாருங்க. கோடு படுத்துட்டா போர்டு நல்லாருக்குனு அர்த்தம். அப்படியே அலாரத்தையும் பாத்துருங்க, நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்ல. சாப்பிட்டீகளா?"

"ம்."

ஃபேனை நிறுத்தினாள். கோடு நிற்கவில்லை. சுண்டுவிரல் கனமுள்ள குழாய் மேசை விளிம்பில் தொங்கியது. அதன் வாயில் உள்ளங்கையை வைத்தாள்.

இழுத்தது.

மெல்ல. பிறகு வேகமாக.

மூன்று நொடி. நாலு.

கைக்கடியில் ஏதோ மிருதுவாகத் திரும்பியது. முகத்தைத் திருப்பப் பார்ப்பதுபோல. கையை எடுக்க வேண்டும் என்று தோன்றியது. அலாரம் இன்னும் அடிக்கவில்லை. பத்து நொடிக்குள் அடிக்க வேண்டும்.

எட்டு. ஒன்பது.

அடித்தது.

அவள் கையை எடுக்கவில்லை. கோடு படுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முப்பது. நாற்பது. இழுப்பு தளர்ந்தது. ஒரு விக்கல். இன்னொன்று.

கோடு படுத்தது.

அலாரத்தை அணைத்தாள். 'அடைப்பு, ஒன்பது நொடி, சரி' என்று படிவத்தில் அடித்தாள். கீபோர்டில் கை ஒட்டியது.

உள்ளங்கையில் வட்டமாக ஈரம். வெதுவெதுப்பாக இருந்தது.

முகர்ந்து பார்த்தாள்.

பால் வாடை.