முப்பத்தோராவது துண்டு

மழை சொல்லிக்கொண்டு வரவில்லை. வெல்டிங் பிரிவிலிருந்து சோதனைக்கூடத்துக்குப் போகும் திறந்தவெளியில் அவள் பாதி தூரம் கடந்ததும் கொட்டத் தொடங்கியது. தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் கொட்டகைக்கு ஓடினாள்... முன்னால் போய்க்கொண்டிருந்த ஒருவனும் அங்கே ஒதுங்கத் திரும்ப, நேராக அவன் மீதே மோதினாள்.

அவன் கையிலிருந்த பெட்டி விழுந்தது. மெல்லிய உலோகத் துண்டுகள் தரையெங்கும் சிதறின.

"ஐயோ... ஸாரி சார்!"

"பரவாயில்லங்க. மழை கண்ணை மறைச்சிருச்சு."

"மழை மேல ஏன் பழி போடுறீங்க? நான்தான் கண்ணை மூடிக்கிட்டு ஓடி வந்தேன்."

அவன் சிரித்தான். முடியிலிருந்து நீர் சொட்டியது. மழைக்கோட்டைத் தான் போட்டுக்கொள்ளாமல் பெட்டிக்கு அல்லவா போர்த்தியிருக்கிறான்! இருவரும் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்கள்.

"இப்படிப் பொத்திப் பொத்திக் கொண்டு போறீங்களே, உள்ள குழந்தையா இருக்கு?"

"குழந்தைங்கதான். போனதும் ஒவ்வொண்ணா பிய்க்கணும்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. போன வாரம் சோதனைக்கூடத்தில் சேர்ந்த புது ஆள்.

"பிய்க்கிறவர் நீங்கதானா? அத்தனையும் நான் ஒட்டினது சார்!"

"ஒட்டுறவங்க நீங்களா! பலமா ஒட்டியிருக்கீங்களா?"

"பிய்ச்சுப் பாருங்க... கை வலிக்கும்."

நிமிர்ந்து பார்த்தான். மழை கழுவிய இலை மாதிரி அத்தனை தெளிவான கண்கள்... அவள்தான் முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

ஒட்டுவது என்றால் சாதாரண வேலை இல்லை. ஒரு பேட்டரிக்குள் நூற்றுக்கணக்கான சிறு செல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் காகிதம் போன்ற ஓர் உலோகப் பட்டையை வைத்து, லேசர் ஒளியால் கண்சிமிட்டும் நேரத்தில் உருக்கி இணைக்க வேண்டும். உருகியது மேல் பட்டையைக் கடந்து கீழே கொஞ்சம் கடிக்க வேண்டும். கடிக்காவிட்டால் மேலே பளபளப்பு, உள்ளே ஒட்டாது. அதிகம் கடித்தாலோ செல் ஓட்டையாகிவிடும். ஒளி எவ்வளவு, நேரம் எவ்வளவு, பட்டையை அழுத்தும் விசை எவ்வளவு... அந்த அளவுகளைக் கண்டுபிடிக்க அவளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது.

சரியாக ஒட்டியதா என்று அறிய ஒரே வழி, பிய்ப்பதுதான். தினமும் முப்பது மாதிரித் துண்டுகளை இழுத்துப் பார்ப்பார்கள். நல்ல வெல்டிங் விட்டுக்கொடுக்காது. பக்கத்தில் பட்டைதான் கிழியும்.

இரண்டு மணிக்கு அவனே துண்டும் கையுமாக வந்து நின்றான்.

"முப்பதுல ஒண்ணு சுலபமா வந்துருச்சுங்க."

உற்பத்தி நின்றது. காலையில் செய்த இருநூற்று நாற்பது பேட்டரிகள் ஓரங்கட்டப்பட்டன. மேலாளர் சுருக்கமாக முடித்தார்: "அஞ்சு மணிக்குள்ள காரணம் தெரியணும். இல்லேன்னா அத்தனையும் அரவை இயந்திரத்துக்கு. நாளையிலேர்ந்து பழைய முறைதான்."

எட்டு மாதம்! அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"பிய்க்கத் தெரியாம பிய்ச்சிருப்பீங்க! கோணலா இழுத்தா எதுவும்தான் கழண்டு வரும்!"

பிரிவே திரும்பிப் பார்த்தது. அவன் முகம் சுருங்கியது.

"நேராத்தான் இழுத்தேங்க." துண்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவள் அதை உருப்பெருக்கியில் வைத்தாள். அகலமாக இருக்க வேண்டிய வெல்டிங் தழும்பு ஒடுங்கி, வெளுத்துக் கிடந்தது. எங்கோ பார்த்த மாதிரி... பகீரென்றது.

எந்த அளவில் ஒட்டாமல் போகும் என்று பார்க்க, காலையில் வேண்டுமென்றே ஒளியைக் குறைத்து மூன்று துண்டுகள் செய்திருந்தாள். அத்தகைய துண்டுகளுக்குச் சிவப்புப் பொட்டு வைக்காமல் வெளியே எடுத்துப் போகக் கூடாது. சோதனைக்கூடத்துக்குப் போய் உடனே வெட்டிப் பார்க்கத்தானே போகிறோம் என்று வைக்காமலே கோட்டுப் பையில் போட்டிருந்தாள்.

பைக்குள் கைவிட்டாள். இரண்டுதான் இருந்தன.

கொட்டகையில் குனிந்தபோது விழுந்திருக்கிறது. அதைப் பொறுக்கி அவன் பெட்டியில் போட்டதும் அவளேதான்!

அப்பாடா... பேட்டரிகளில் குறை இல்லை! ஆனால் இதைப் போய் அவனிடமா சொல்வது? அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு? அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"சின்ன வயசுல சொம்பை உடைச்சிட்டு பூனை மேல பழி போட்டவதானடி நீ!"

"அக்கா, இங்க வேலையே போற மாதிரி இருக்கு..."

"இந்தப் பூனைக்கு வாய் இருக்கு, ஆனா திருப்பிப் பேசலைங்கிற. அதான் உன்னை உறுத்துது. போ, போய்ச் சொல்லு."

சோதனைக்கூடத்தில் அவன் இழுவை இயந்திரத்தின் பிடியைக் கழற்றி, கோணல் இருக்கிறதா என்று அளந்துகொண்டிருந்தான். தன் வார்த்தையை நம்பியா? அவளுக்கு அழுகையே வந்தது.

"அளக்காதீங்க. நீங்க நேராத்தான் இழுத்தீங்க... கோணல் என்கிட்ட."

ஒன்று விடாமல் சொன்னாள். அவன் இழுப்பறையைத் திறந்து ஒரு துண்டை எடுத்தான். பிய்க்காத துண்டு.

"தாள்ல முப்பது கட்டம்தான். முடிச்சப்ப இது மிச்சம் இருந்துச்சு. நான்தான் எண்ணுறதுல தப்பு பண்ணிட்டேன்னு நினைச்சேன்."

அதை இயந்திரத்தில் மாட்டினார்கள். இழுத்தது... இழுத்தது... டப்! பட்டை கிழிந்தது. வெல்டிங் அசையவில்லை. பையிலிருந்த இரண்டையும் மாட்டினார்கள். அவை சொத்தைப் பல் மாதிரி கையோடு வந்தன. ஓரங்கட்டிய பேட்டரிகளிலிருந்தும் முப்பது பட்டைகளை இழுத்தார்கள். முப்பதும் நின்றன.

நாலரை மணிக்கு மேலாளர் பேட்டரிகளை விடுவித்தார். "பொட்டு வைக்காததுக்கு நீங்க, மிச்சத்தைச் சொல்லாததுக்கு அவரு. ரெண்டு பேரும் விளக்கம் எழுதிக் கொடுங்க" என்று முறைத்துவிட்டுப் போனார்.

அவளுக்கு இப்போதுதான் மூச்சு முழுசாக வந்தது. மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். அவன் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தான்.

"எழுதலியா சார்?"

"'காரணம்'னு ஒரு கட்டம் இருக்கே... அதுல பொய் எழுத வரலைங்க."

"உண்மையை எழுதுங்க."

"மறுபடியும் எண்ணிப் பார்த்திருக்கணும். எண்ணல. கொட்டகையில நீங்க... கை வலிக்கும்னு சொன்னீங்களே... அந்த முகமே கண்ணுக்குள்ள நின்னுச்சு. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க."

அவள் காது மடல் சுட்டது. தாளைப் பார்த்தபடியே பேசினாள்.

"வெட்டிப் பார்க்கப் போயிருந்தா, ஒண்ணு குறையுதுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும். நான் ஏன் போகலைன்னு கேக்க மாட்டீங்களா?"

"ஏன் போகல?"

"நேரா என் சீட்டுக்குப் போய்ச் சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்... எதுக்குக் கிளம்பினேன்னே மறந்துபோச்சு."

அவன் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனியவில்லை.

"அப்ப... உங்களுக்கும்..."

"வாய்விட்டுச் சொல்லணுமாக்கும்? பிடிச்சிருக்கு!"