மிதந்த முட்டைகள்

அந்த வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பம்பரம்' என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். சாப்பிடும்போதுகூட அவளுக்கு ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவளை நம்பி ஒரு ஜாடியை ஒப்படைத்துவிட்டுப் போனாள் என்றால், அத்தைக்குத் துணிச்சல் அதிகம் என்றுதான் சொல்லவேண்டும்.

அத்தை சரக்குக் கப்பலில் சமையல்காரி. போன முறை வந்தபோது தண்ணீரில் உப்பைப் போட்டுப் போட்டுக் காய்ச்சினாள். இனிமேல் கரையாது என்று உப்பு அடியில் தங்கியதும் இறக்கி ஆறவைத்தாள். பீங்கான் ஜாடியில் வாத்து முட்டைகளை அடுக்கி, அந்த உப்புத் தண்ணீரை ஊற்றினாள். மேலே ஒரு சின்னத் தட்டு, அதன்மேல் ஒரு கல். பிறகு மூடி.

"அடுத்த தடவ நான் வர்றப்ப இது தயாரா இருக்கும். கப்பல்ல ஊருக்கெல்லாம் சமைச்சுப் போடுறேன், நான் ஆசையா சாப்பிடறது இது ஒண்ணுதான். ஜாடி உன் பொறுப்பு," என்றாள்.

அம்மா சிரித்தாள். அத்தை சிரிக்கவில்லை. அதனாலேயே பம்பரத்துக்கு அந்த ஜாடிமேல் உயிர்.

ஆனால் நாள்கள் நகரவேண்டுமே. பம்பரம் ஜாடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மோந்து பார்த்தாள். காதை வைத்துக் கேட்டாள். முட்டை என்ன பேசவா போகிறது? நாளைக்கு அத்தை வருகிறாள் என்றதும் அவளால் பொறுக்க முடியவில்லை. மூடியைத் திறந்தாள். கல்லை எடுத்தாள். தட்டையும் எடுத்தாள்.

அத்தனை முட்டைகளும் குபுக்கென்று மேலே வந்து மிதந்தன.

மிதக்கிற முட்டை கெட்ட முட்டை. கடையிலிருந்து வாங்கி வரும் முட்டைகளை அம்மா கிண்ணத் தண்ணீரில் போட்டுப் பார்த்து, மிதப்பதை மட்டும் தூக்கி எறிவதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தாள். "எல்லாமே போச்சு. நாறுறதுக்கு முன்னாடி கொட்டிடலாம். துணியக் காயப்போட்டுட்டு வர்றேன்," என்றாள்.

முதல்முதலாக ஒருவர் தன்னை நம்பிக் கொடுத்தது இப்படியா ஆகவேண்டும்? பம்பரத்துக்கு அழுகை முட்டியது. அழுவதற்கும் ஓரிடத்தில் நிற்கவேண்டுமே. அவள் ஓடினாள்.

தெருக்கோடியில் வாத்து வளர்க்கும் மாமாவின் வீடு. ஜாடியிலிருந்த முட்டைகள் அவரிடம் வாங்கியவைதான். வாசலில் முட்டை வாங்க ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே, "நீங்க குடுத்ததெல்லாம் கெட்ட முட்டை, மாமா," என்று சொல்லிவிட்டாள்.

அவர் முகம் சுருங்கியது. வாங்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கூடைக்குள் கைவிட்டு, சூடு ஆறாத முட்டை ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"இப்பத்தான் இட்டது. தண்ணில போட்டுப் பாரு. இதுவும் மிதந்துச்சுன்னா நான் வாத்து வளக்கறதையே விட்டுடறேன்."

வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீரில் போட்டாள். அது நேராக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மாமா பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் ஜாடியில் இருப்பவை எப்படிக் கெட்டன?

அம்மா வாளியோடு வந்துவிட்டாள். பம்பரத்தின் கை சும்மா இருக்குமா? புது முட்டையை எடுத்து ஜாடிக்குள் போட்டாள். அதுவும் மிதந்தது.

இப்போது இட்ட முட்டை ஒரு நிமிஷத்தில் கெட்டுப்போகுமா என்ன? அவள் ஜாடியிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் குழாய்த் தண்ணீரில் விட்டாள். மூழ்கியது. இன்னொன்று. அதுவும் மூழ்கியது. பரபரவென்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். எல்லாமே மூழ்கின.

"முட்டை கெடலம்மா. உப்புத் தண்ணிதான் மேல தூக்கி விடுது."

அம்மா வாளியைக் கீழே வைத்தாள். "அதான் உங்க அத்த முட்டைங்க தலைமேல கல்லத் தூக்கி வச்சிட்டுப் போனாளா?"

மறுநாள் அத்தை வந்தாள். முட்டைகளை வேகவைத்து, பாதி பாதியாக வெட்டினாள். மஞ்சள் கரு சிவந்து, எண்ணெய் மினுங்க இருந்தது. ஒன்றைச் சாப்பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்ததை வாயில் வைத்ததும் கண்ணைத் திறந்தாள்.

"இதுல மட்டும் உப்பே இல்லையே."

நேற்று முட்டைகளைத் திரும்ப ஜாடியில் அடுக்கிய அவசரத்தில் புது முட்டையும் மற்றவற்றோடு கலந்துவிட்டது. பம்பரம் மூடியைத் திறந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். வாத்து மாமாவைப் பேசியதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிட்டது.

"மத்ததையெல்லாம் காப்பாத்துனதே இதுதான். இது எனக்கு," என்று அத்தை அதன்மேல் உப்பைத் தூவிக்கொண்டாள்.

பம்பரம் தன் பங்கு முட்டையைக் கிண்ணத்தில் வைத்து எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மாமாவின் வாசலில் அன்று யாரும் இல்லை. கிண்ணத்தை அவரிடம் கொடுக்காமல் ஓரமாக நின்றாள். கால்கூட ஆடவில்லை. மாமாவே பயந்துபோய், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"யாராவது முட்டை வாங்க வரட்டும், மாமா. அப்புறம் சொல்றேன்."

வெகுநேரம் கழித்து ஒரு பெண் பையோடு வந்தாள். பம்பரம் கிண்ணத்தை நீட்டினாள்.

"மாமா, உங்க முட்டை நல்ல முட்டை. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்," என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

மாமா ஒரு வாய் கடித்தார். மெதுவாக மென்றார். மீதியை அந்தப் பெண்ணிடம் காட்டி, "பாருங்க, என் வாத்து இட்டது," என்றார்.

பம்பரத்தின் கால் மறுபடி ஆடத் தொடங்கியது.