ஓரம் மட்டும் கருகிய கட்டு

1981, ஆனி மாதம், குற்றாலம். காலை ஏழு மணிக்கு லாட்ஜின் வெந்நீர் அடுப்புக்கு முன்னால் நின்று வேதா அலறினாள். அடுப்புக்குள் அவளுடைய அட்டைக் கட்டு புகைந்துகொண்டிருந்தது.

ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் அட்டைகள். ஐந்து வருஷ ஆராய்ச்சி முழுக்க அந்த ஓட்டைகளில்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது. அது போனால் டாக்டர் பட்டமும் போச்சு. சீசனுக்கு வந்திருந்த அவளுடைய பேராசிரியர் ஹரிஹரசுப்பிரமணியன், கட்டுரையை இங்கேயே முடிப்போம் என்று கூப்பிட்டிருந்தார். தென்காசி வீட்டிலிருந்து கொண்டுவந்து லாட்ஜ் அலமாரியில் வைத்திருந்தாள்.

எஸ்.ஐ. ஆவுடையப்பன் வருவதற்குள் லாட்ஜ் முதலாளியே ஆளைப் பிடித்துவிட்டார். வெந்நீர் போடும் பிச்சைமணி! ஓர் ஏழை பக்கத்தில் இருந்தால் துப்பறிவது எவ்வளவு சுலபம்.

“அடுப்பு பத்தவைக்க எடுத்திருப்பான்,” என்றார் பேராசிரியர். “எனக்கு நெஞ்சே ஆறல சார். எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க.” சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை உருவி, பேரும் அறை எண்ணும் எழுதிக் கொடுத்தார்.

“எங்கம்மை சத்தியமா நான் தொடலய்யா,” என்று பிச்சைமணி அழுதான்.

“ஏலே, சும்மா இரு.” ஆவுடையப்பன் வேதா பக்கம் திரும்பினார். “என்ன ஆராய்ச்சிம்மா?”

“செத்துப்போன நட்சத்திரம் வெடிக்கிறது சார். வெள்ளைக் குள்ளன்னு பேரு. உள்ள பத்தின தீ எப்படிப் பரவுதுன்னு கணக்கு. தீயோட முகம் மடிஞ்சு மடிஞ்சு பரப்பு கூடினாத்தான் வேகம் பிடிக்கும். இல்லன்னா மெதுவாத்தான் நகரும்.”

“அப்போ இறுக்கிக் கட்டுன கட்டு?”

வேதா அடுப்பின் முன் குனிந்தாள். கட்டை வெளியே இழுத்துப் பிரித்தாள். ஓரம் மட்டும் கரி. உள்ளே வெள்ளைவெளேரென்று அட்டைகள். ஒன்றில்கூட ஓட்டை இல்லை.

“இது என்னோடது இல்ல சார்!”

பேராசிரியர் எழுதிக் கொடுத்த அட்டையை ஆவுடையப்பன் தன் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே ஓட்டையில்லாத அட்டை.

“அடுப்பு மூட்டுதவன் கட்டைப் பிரிச்சு உதிர்க்காமப் போடமாட்டான். உம்ம பேர்ல கட்டுரை போட நெசக் கட்டு உமக்கு வேணும். அது எரிஞ்சுபோச்சுன்னு இந்தப் பிள்ளை நம்பணும். அதான் வெறும் அட்டையைக் கட்டிப் போட்டுட்டீரு, பேராசிரியரே.”

தீயின் வேகத்தைப் பற்றி வேதா எழுதியதற்கெல்லாம் மேலே தன் பெயரைப் போட்டுக்கொண்டவர் அவர். ஒரு பக்கமாவது படித்திருந்தால் உதிர்த்துப் போட்டிருப்பார்.

நிஜக் கட்டு அவருடைய கார் டிக்கியில், எண்ணெய்ப் பாட்டிலுக்கும் ஈரத்துண்டுக்கும் அடியில் கிடந்தது.

“புகார் எழுதிருவமா?” என்று கேட்டார் எஸ்.ஐ.

வேதா கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“பிச்சைமணியை விட்டுருங்க சார். புகார் வேண்டாம். என் பட்டத்துக்கு இவர்தான் கையெழுத்துப் போடணும்.”

“அடச்சீ!” என்றார் ஆவுடையப்பன்.

பேராசிரியர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அருவிக்குக் கிளம்பினார்.

“மத்தியானம் அந்தக் கட்டோட வந்துரு வேதா. கட்டுரையை முடிச்சிருவோம்.”